கரண்ட், கேஸ் பில்லுக்கு ஃபிக்ஸட் டைரக்ட் டெபிட்டா, வேரியபிளா? பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்கு

பெரியம்மா பையன் போன அக்டோபரில் ஹாரோவில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்குக் குடிபோனான். சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே எனக்கு போன். "அக்கா, கேஸ் கம்பெனி டைரக்ட் டெபிட் போடச் சொல்லுது, ஃபிக்ஸடா வேரியபிளான்னு கேக்குது, எதைத் தட்ட?" ஃபிக்ஸட் என்றால் விலை ஏறாது என்று நினைத்து அதைத் தட்டப் போயிருக்கிறான். இந்தக் குழப்பம் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இல்லை, பதினைந்து வருடமாக இங்கே பில் கட்டுபவர்களுக்கும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டாரிஃப் வேறு, டைரக்ட் டெபிட் வேறு. ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் ஹவர், பில்லில் கேஸுக்கும் இதே அளவுதான்) என்ன விலை என்பது டாரிஃப். அந்தக் காசை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எப்படி எடுக்கிறார்கள் என்பது டைரக்ட் டெபிட். இரண்டுக்கும் ஃபிக்ஸட், வேரியபிள் என்று ஒரே பெயர்களை வைத்திருக்கிறார்கள், சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஃபிக்ஸட் டாரிஃப் எடுத்தால் யூனிட் விலையும் தினசரி ஸ்டாண்டிங் சார்ஜும் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று வரும் கட்டணம்) ஓராண்டோ அதற்கு மேலோ மாறாது. நடுவில் கழன்றுகொண்டால் பல ஒப்பந்தங்களில் அபராதம் உண்டு, கடைசி 49 நாள்களுக்குள் கழன்றுகொண்டால் அபராதம் கிடையாது. வேரியபிள் டாரிஃப் என்றால் கரண்ட், கேஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஆஃப்ஜெம் வைக்கும் உச்சவரம்பை ஒட்டி விலை ஏறி இறங்கும். அந்த வரம்பு 2019 ஜனவரியில் வந்தது, முதலில் ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றினார்கள், 2022 அக்டோபரிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அது யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் உள்ள வரம்புதான், உங்கள் மொத்த பில்லுக்கு இல்லை. செய்தியில் சொல்வது சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு ஆகும் தொகை, அதற்கு மேல் பில் வராது என்று நம்பி ஹீட்டரை ஓடவிட்டால் வரத்தான் செய்யும்.

டைரக்ட் டெபிட்டில் ஃபிக்ஸட் என்றால் மாதாமாதம் ஒரே தொகை. நீங்கள் எரித்தது அதைவிடக் குறைவு என்றால் மிச்சம் கம்பெனியில் உள்ள உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், கூடினால் பாக்கியாக நிற்கும். வேரியபிள் என்றால் அந்த மாதம் (சில இடங்களில் காலாண்டு) எரித்ததற்கு என்ன பில்லோ அதை முழுசாக எடுத்துக்கொள்வார்கள், வரவும் இல்லை, பாக்கியும் இல்லை. பொதுவாக எந்த டாரிஃபோடு எந்த டைரக்ட் டெபிட்டும் சேரும். ஆகவே "ஃபிக்ஸட் டைரக்ட் டெபிட் போட்டிருக்கேன், எனக்கு விலை ஏறாது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். டாரிஃப் வேரியபிள் என்றால் அவர்களுக்கும் விலை ஏறும், அது கொஞ்சம் பின்னால் தெரியும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஃபிக்ஸட் முறை முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். அங்கே ஈபிக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், மீட்டரைப் பார்ப்பார், வெள்ளை அட்டையில் எழுதுவார், எரித்ததற்குக் கட்டுவோம். இங்கே அதற்குப் பக்கத்தில் வருவது வேரியபிள்தான். ஆனால் நம் ஊரில் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. இங்கே தேவைப்படுகிறது, அதிலேயே கணக்கு முழுக்க மாறிவிடுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஓராண்டுக்குக் கரண்ட் 2,700 யூனிட், கேஸ் 11,500 யூனிட் எரிக்கும் ஒரு வீடு. ஆஃப்ஜெம் 2023 அக்டோபரிலிருந்து சராசரி வீடு என்று எடுத்துக்கொண்ட அளவு இது. விலையை நான் கணக்கு எளிதாக இருக்க வரியோடு சேர்த்து முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன்: கரண்ட் யூனிட் 25 பென்ஸ், கேஸ் யூனிட் 6 பென்ஸ், இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜும் சேர்த்து நாளுக்கு 85 பென்ஸ். உங்கள் பில்லில் உள்ள விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்டுக்கு 675 பவுண்ட், கேஸுக்கு 690, ஸ்டாண்டிங் சார்ஜ் 310. ஆண்டுக்கு மொத்தம் 1,675 பவுண்ட். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 140. இதுதான் ஃபிக்ஸட் தொகை.

அதே வீட்டில் ஜனவரியில் கேஸ் 2,000 யூனிட், கரண்ட் 270 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பில் 214 பவுண்ட். ஜூலையில் வெந்நீருக்கும் சமையலுக்கும் மட்டும் கேஸ், 200 யூனிட், கரண்ட் 190, பில் 86 பவுண்ட். வேரியபிளில் இந்த 214ஐயும் 86ஐயும் அப்படியே கட்டுவீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதத்துக்குச் சுமார் 965 பவுண்ட் போகும், ஃபிக்ஸடில் அதே ஐந்து மாதத்துக்கு 700தான். வித்தியாசம் கிட்டத்தட்ட 265 பவுண்ட். அக்டோபர் கடைசியில் உங்கள் சேமிப்பில் அந்தத் தொகை சும்மா கிடக்குமா? கிடக்கும் என்றால் வேரியபிள் உங்களுக்கு ஒத்துவரும். கிடக்காது, அல்லது கிடந்தாலும் தீபாவளிச் செலவிலும் ஊருக்கு டிக்கெட் போடுவதிலும் கரைந்துவிடும் என்றால் ஃபிக்ஸடே போடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றும் இல்லை. ஜனவரி பில் ஓவர்டிராஃப்டில் போய் விழுந்தால் பல வங்கிகளில் ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி.

வேரியபிளுக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஒரு காரணத்தை நான் ஏற்பதில்லை. "வெயில் காலத்தில் என் பணத்தைக் கம்பெனிக்காரன் வட்டியில்லாமல் வைத்திருக்கிறான்" என்பார்கள். மேலே சொன்ன வீட்டில் ஏப்ரலில் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் அக்டோபர் கடைசியில் வரவு 270 பவுண்ட் வரை ஏறி, மார்ச்சில் திரும்பப் பூஜ்ஜியத்துக்கு வரும். அந்தப் பணத்தை 4 சதவீத வட்டியில் போட்டிருந்தாலும் ஆண்டுக்கு ஐந்தாறு பவுண்டுதான் கிடைத்திருக்கும். அதற்காக முறையை மாற்ற வேண்டாம். ஆனால் வரவு 600, 700 என்று ஏறி மார்ச்சிலும் இறங்காமல் நிற்கிறது என்றால் அது வேறு கதை, அங்கே உங்கள் மாதத் தொகையே தவறு.

ஃபிக்ஸட் போட்டவர்கள் ஆண்டில் இரண்டு நாள் கணக்கைத் திறந்து பார்த்தால் போதும். அக்டோபர் கடைசியில் ஒன்றரை இரண்டு மாதத் தொகை வரவில் இருக்க வேண்டும், அது குளிருக்கு வேண்டிய பணம், அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதும் வரவு நிறைய நின்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்பது அவர்கள் உரிமத்திலேயே உள்ள நிபந்தனை, மறுக்க நியாயமான காரணம் இருந்தால்தான் மறுக்கலாம், காரணத்தையும் சொல்ல வேண்டும். அப்படியே மாதத் தொகையையும் குறைக்கச் சொல்லுங்கள்.

என் தம்பியைப் போல அக்டோபரில் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெயில் காலத்து வரவு சேர்வதற்கு முன்பே குளிர் வந்துவிடுகிறது. மாதம் 140 சரியான தொகையாக இருந்தாலும் மார்ச் கடைசியில் கணக்கு 250 பவுண்ட் பாக்கியில் நிற்கும். கம்பெனியின் கணினி அதைப் பார்த்துவிட்டுத் தொகையை ஏற்றும். பயப்பட வேண்டாம், "குளிரில் தொடங்கினேன், ஆண்டு உபயோகம் இவ்வளவு, அடுத்த மார்ச்சுக்குள் சரியாக வேண்டுமானால் மாதம் எவ்வளவு" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் எதிர்முனையில் இருப்பவர் நின்று கணக்குப் போடுவார். இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்துக்கு மட்டும் மாதம் 30, 40 பவுண்ட் கூடப் போட்டுத் தொடங்குவது நல்லது. அதுதான் என் தம்பிக்கும் சொன்னேன், 175 போட்டான்.

இனி ரீடிங். எந்த முறை போட்டாலும் ரீடிங் சரியாகப் போகாவிட்டால் எல்லாம் வீண். 2022 பிப்ரவரியில் நான் அப்போது இருந்த கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல்: மாதம் 95 பவுண்டாக இருந்த என் டைரக்ட் டெபிட் அடுத்த மாதத்திலிருந்து 187. அந்த ஏப்ரலில் விலை வரம்பே, சராசரி வீட்டுக் கணக்கில், ஆண்டுக்கு 1,277 பவுண்டிலிருந்து 1,971க்கு ஏறப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், சரி, பாதிக்கும் கொஞ்சம் மேல் ஏறும் என்று எதிர்பார்த்தேன். இரட்டிப்பு எப்படி வந்தது? பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு ரீடிங்குக்குப் பக்கத்திலும் எஸ்டிமேட்டட், அதாவது அனுமானம், என்று போட்டிருந்தது. எங்கள் கேஸ் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், வேக்யூம் கிளீனருக்கும் பழைய பெட்டிகளுக்கும் பின்னால் இருந்தது. எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டுவிட்டு, முழங்காலில் நின்று போன் வெளிச்சத்தில் பார்த்தால், கறுப்பு எண்கள் பில்லில் இருந்ததைவிட 160 குறைவு. ஒரு கன மீட்டர் கேஸ் சுமார் 11 யூனிட். அதாவது நாங்கள் எரிக்காத 1,700 யூனிட்டுக்கு மேல் எங்கள் கணக்கில் ஏறியிருந்தது, அதைவைத்து வரும் ஆண்டுக்கும் கணித்திருந்தார்கள். மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன், பத்து நாளில் புது பில் வந்தது, மாதத் தொகை 128 ஆனது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அந்தப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை டைரக்ட் டெபிட் இரு மடங்குக்கு மேல் ஏறிய வாடிக்கையாளர்கள் 5 லட்சத்துக்கும் மேல் என்று ஆஃப்ஜெம் அந்த ஜூலையில் சொன்னது. அதில் சிலருக்கு ஏற்றம் நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தானே அது தெரியும்.

ஆகவே மாதக் கடைசியில் ரீடிங் எடுத்து அனுப்புங்கள். கேஸ் மீட்டரில் கறுப்பு எண்கள் மட்டும், தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள சிவப்பு எண்கள் வேண்டாம். பழைய வீடுகளில் கன அடியில் காட்டும் மீட்டர் இன்னும் இருக்கிறது, அதில் ஒரு எண் நகர்ந்தால் 31 யூனிட்டுக்கு மேல் கணக்கு. பில்லில் அதைக் கன மீட்டர் என்று தவறாகப் பதிந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேரியபிள் டாரிஃபில் இருப்பவர்கள் டிசம்பர், மார்ச், ஜூன், செப்டம்பர் கடைசி நாளில் கட்டாயம் எடுங்கள், மறுநாள் விலை மாறுகிறது. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள், தொடர்பு அறுந்துபோய் மாதக்கணக்கில் அனுமானத்தில் ஓடும் ஸ்மார்ட் மீட்டர்கள் இருக்கின்றன. பில்லைத் திறந்து எஸ்டிமேட்டட் என்ற அந்த ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

வேரியபிள் போட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஃபிக்ஸடில் அனுமானம் தவறினால் காகிதத்தில் பாக்கி ஏறும், வேரியபிளில் அந்த மாதமே காசு கணக்கிலிருந்து போய்விடும். அப்படிப் போனாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. டைரக்ட் டெபிட் உத்தரவாதம் என்று ஒன்று உண்டு: தொகையோ தேதியோ மாறினால் முன்கூட்டியே, வழக்கமாகப் பத்து வேலை நாளுக்கு முன், சொல்ல வேண்டும், தவறாக எடுத்துவிட்டால் உங்கள் வங்கியே முழுத் தொகையையும் உடனே திருப்பித் தரும். சொன்ன தொகையைவிடக் கூடுதலாகவோ சொல்லாமலோ எடுத்திருந்தால் வங்கிக்கு போன் போடுங்கள்; அனுமான ரீடிங்கால் பில்லே தவறு என்றால் ரீடிங் அனுப்பிக் கம்பெனியிடம்தான் திருத்த வேண்டும். ஆனால் கோபத்தில் வங்கி ஆப்பில் டைரக்ட் டெபிட்டையே ரத்து செய்துவிடாதீர்கள். பில் வந்தபின் கையால் கட்டுபவர்களுக்கு வரம்பே தனி, சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் கூடுதலாக வரும். ரத்து செய்தால் அந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், பாக்கியும் அப்படியே நிற்கும்.

இதே காரணத்துக்காக வேரியபிளுக்கு மாறுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வேரியபிள் டைரக்ட் டெபிட் போட்டால் எனக்கு இப்போதுள்ள அதே யூனிட் விலைதானா, ஸ்டாண்டிங் சார்ஜும் அதேதானா?" பெரும்பாலும் அதே என்பார்கள். அதே இல்லை, பில் வந்தபின் கையால் கட்டுபவர்களுக்கான விலைதான் என்றால் வேண்டாம், அங்கேயே விட்டுவிடுங்கள். எல்லாக் கம்பெனியும் வேரியபிள் தருவதில்லை என்பதையும், தருகிற இடத்திலும் ஆப்பில் அந்தத் தேர்வு கண்ணில் படாமல் போகலாம், கேட்டால்தான் போட்டுத் தருவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அரட்டைப் பெட்டியில் கேட்டால் நகல் கையில் இருக்கும்.

நான்கு பேர் சேர்ந்து தங்கும் மாணவர் வீடாக இருந்தால் தயங்காமல் வேரியபிள். ஃபிக்ஸடில் மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஜனவரியில் ஒருவன் காலி செய்துவிட்டுப் போனால் கணக்கில் நிற்கும் பாக்கியில் அவன் பங்கு என்ன என்று யார் சொல்வது? யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர் தலையில் விழும். மாதாமாதம் எரித்ததை மாதாமாதம் பிரித்துக் கட்டிவிட்டால் நட்பும் கெடாது. கேஸே இல்லாமல் கரண்டில் சூடாக்கும் பிளாட்டாக இருந்தால், கரண்ட் யூனிட் விலை கேஸைப்போல நான்கு மடங்கு, குளிர்கால பில் இன்னும் செங்குத்தாக ஏறும், அங்கே நான் ஃபிக்ஸட் பக்கம்தான் சாய்வேன். வயதான அப்பா அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கும் ஃபிக்ஸட். ஜனவரியில் 214 பவுண்ட் பில்லைப் பார்த்துவிட்டு ஹீட்டரை அணைத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாதம் ஒரே தொகை போகிறது என்றால் அந்தப் பயம் இருக்காது. அந்த நிம்மதிதான் முக்கியம்.

வேறு வீட்டுக்கோ வேறு கம்பெனிக்கோ மாறும்போது ஃபிக்ஸட் வரவு போய்விடுமோ என்று கேட்கிறார்கள். போகாது. கம்பெனி மாறினால் ஆறு வாரத்துக்குள் கடைசி பில் வர வேண்டும், அதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் மிச்சம் கைக்கு வர வேண்டும். 2021இல் வரிசையாகக் கம்பெனிகள் மூடியபோதும் வீடுகளின் வரவை ஆஃப்ஜெம் ஏற்பாட்டில் புதுக் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. கிளம்பும் நாளில் இரண்டு மீட்டரையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது உங்கள் வேலை.

இன்னொன்று, கம்பெனி பல மாதம் பில் போடாமல் இருந்துவிட்டு ஒரே அடியாக இரண்டு வருடத்துக்கு அனுப்பினால், தவறு அவர்களுடையது என்றால் 12 மாதத்துக்கு முந்தைய உபயோகத்துக்குக் காசு கேட்க முடியாது. கம்பெனியிடம் புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றால் இந்தப் புகார்களைத் தீர்த்துவைக்கும் நடுநிலை அமைப்பான எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், இலவசம். (வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு ஆஃப்ஜெம் இல்லை, அங்கே ஒழுங்குமுறை ஆணையம் வேறு, விலை வரம்பும் பொருந்தாது.)

எனக்கு எது என்று கேட்பீர்கள். புது வீட்டுக்கு வந்த முதல் ஆண்டு ஃபிக்ஸட் போட்டு, மாதாமாதம் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதினேன். ஓராண்டு முடிந்ததும் எந்த மாதம் எவ்வளவு எரிகிறது என்று கையில் இருந்தது. அப்புறம் வேரியபிளுக்கு மாறினேன். மாறியதும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, மாதம் 140 பவுண்ட் போகும்படி போட்டுவிட்டேன். பில் வரும்போது அங்கிருந்து எடுத்துக் கட்டுகிறேன். ஃபிக்ஸடில் நடப்பதேதான், வரவு மட்டும் என் கையில். சம்பளம் 28ஆம் தேதி, அதனால் டைரக்ட் டெபிட் தேதியை 2க்கு மாற்றச் சொன்னேன், அதையும் கேட்டால் மாற்றித் தருவார்கள். தம்பிக்கு அந்த நோட்டை வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினேன். அவன் போன மார்ச் 31 இரவு மீட்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான், கணக்கில் பாக்கி 12 பவுண்ட். இந்த ஏப்ரலிலிருந்து 140 போதுமா என்று கேட்டான். போதும் என்றேன்.